இரண்டாவது கருவி

என் மச்சானுக்கு மூளை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்திருக்கும். கத்தாரிலிருந்து திரும்பும்போது பெட்டி படுக்கையோடு சேர்த்து அதையும் கட்டிப் போட்டிருப்பார், அது மட்டும் இன்னும் நோர்வூட்டுக்கு வந்து சேரவில்லை. என் அக்கா வினோதாவைக் கட்டியிருக்கும் பிரதாப் மச்சானைத்தான் சொல்கிறேன். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு வருடம் இருந்தார். என்ன வேலை என்று கேட்டால் "நெட்வேர்க்" என்பார். வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்ற வேலை என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் எங்கள் வீட்டு வைஃபையை ஒப்படைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கொழும்பில் ஒரு கம்பனியில் போனுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு. தனியார் வைத்தியசாலைகளுக்கு வருகிற தமிழ் அழைப்புகள் எங்களுக்குத்தான் வரும். ஹலோ, ஜெயந்தினி பேசுகிறேன், டொக்டர் வியாழக்கிழமைதான் இருப்பார், என்று நாள் முழுக்கப் பேச வேண்டும். ஜனவரியில் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். வீட்டில் அவள் தனி ஆள். கட்டுப் போட்ட கையோடு ஒரு போத்தல் மூடியைக் கூடத் திருக முடியாது. ஊருக்குப் போக வேண்டும், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கம்பனியில் கெஞ்சினேன்.

மேற்பார்வையாளர் சுலக்ஷனா மிஸ் ஒரு கடுதாசி நீட்டினார். அழைப்பவர்கள் அடையாள அட்டை நம்பரும் நோயும் சொல்வார்கள், அதனால் வீட்டு வைஃபையில் என் கொம்பியூட்டரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். ஏழு நாள் பரீட்சை, ஏழாம் நாள் சோதனை. தேறினால் அம்மாவோடு இருக்கலாம். தேறாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை கொழும்பு விடுதியில் என் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும், அம்மா ஒற்றைக் கையோடு கிடக்க வேண்டும்.

நான் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் மச்சான் வேலையை முடித்திருந்தார். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் வேறு. அந்த ரவுட்டர் பெட்டியில் முறுக்குவதற்கு ஓர் ஆணி கூடக் கிடையாது. சிக்னல் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம், ரவுட்டரை சாமித் தட்டில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அம்மா அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டிருந்தாள். என் கொம்பியூட்டரையும் அவரே வாங்கி, தட்டி, இணைத்து, "போய்ப் பேசு" என்று கையில் கொடுத்தார். பயணக் களைப்பில் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பகல் ஒழுங்காகப் போனது. பின்னேரம் நாலு மணிக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லாரும் லயத்துக்கு, ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் வரிசைக்கு, திரும்பினார்கள். அதோடு லைனில் என் குரல் விட்டுவிட்டு விக்க ஆரம்பித்தது. செவ்வாயும் அதே கதை. ஒரு நோயாளி, "பிள்ளை, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க" என்று எனக்கே வைத்தியம் சொன்னார். அன்றே சுலக்ஷனா மிஸ் கூப்பிட்டார்.

"ஜெயந்தினி, உங்க வைஃபையில பத்தொம்பது டிவைஸ் காட்டுது. கல்யாண மண்டபத்துல இருந்தா வேலை செய்றீங்க?"

"இல்ல மிஸ், வீட்டுலதான்."

"ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு நானே செக் பண்ணுவேன். உங்க கொம்பியூட்டர் ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டாவதா ஒண்ணு இருந்தாலும் சொரி."

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். எனக்கு மயக்கம் வராத குறை. ஒன்றாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டாம் காம்பரா வரைக்கும் லயமே உள்ளே உட்கார்ந்திருந்தது. கந்தப்பன் அண்ணன் தன் போனுக்கு 'கிங் கந்தா' என்று பெயர் வைத்திருந்தார். இந்த ராஜா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடிக்குக் கிளை கழிக்கிற வேலை. பக்கத்துக் காம்பரா ராசம்மாக்கா வீட்டில் போன் போதாதென்று டிவியையும் ஏற்றியிருந்தார்கள். நான் இருதய நோயாளிக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் என் வைஃபையில் நாடகத்து மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சானைப் பிடித்துக் கேட்டேன்.

"பாஸ்வேர்ட் என்ன போட்டீங்க?"

"மாமிக்கு மறக்காத மாதிரி போட்டேன். மாமியோட நம்பர். எட்டு எழுத்தாவது வேணும்னு கேட்டுச்சு, அதான் மூணு தரம் அடிச்சு விட்டேன். நூத்தி நாப்பத்தேழு, நூத்தி நாப்பத்தேழு, நூத்தி நாப்பத்தேழு."

"வைஃபைக்கு என்ன பேரு வச்சீங்க?"

"அம்மாக்கண்ணு நூத்தி நாப்பத்தேழு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், மகராசன்.

வெளியூர் ஆட்களுக்கு இதன் அழகு விளங்காது. அம்மாக்கண்ணு என்பது என் அம்மாவின் பெயர். நூற்று நாற்பத்தேழு அவளுடைய செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பேரேட்டில் அவளுக்குரிய எண். தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து முப்பத்திரண்டு வருடமாகக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசடியில் அந்த நம்பரைக் கத்துகிறார்கள். மருந்துத் துண்டில் அதுதான், சம்பளச் சீட்டில் அதுதான். இந்த லயத்தில் எனக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது, அம்மாவின் நம்பர் தெரியாத ஆள் கிடையாது. அதைக் கடவுச்சொல்லாக வைத்து, மறந்துவிடப் போகிறார்களே என்று பெயரிலும் எழுதி வைத்திருக்கிறார் இந்த நெட்வேர்க் மேதை.

"நம்ம லயத்து ஆளுங்கதானே, என்னா குறைஞ்சு போச்சு?" என்று வேறு கேட்டார்.

"என் வேலை குறைஞ்சு போகும் மச்சான். நீங்க அந்த ஸ்குரூ டிரைவர எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன். ரவுட்டருக்குள் நுழைகிற பெயரும் சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தபடியே இருந்தன. தலைகீழாகப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த எவனும் உள்ளே வரலாம். முதலில் அதை மாற்றினேன். பிறகு வைஃபையின் பெயரை எடுத்துவிட்டு யாருக்கும் தெரியாதபடி மறைத்தேன். பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே இணைந்துவிடுகிற வசதி ஒன்று உண்டு, அதையும் நிறுத்தினேன். கடைசியாக இருபது எழுத்தில், அர்த்தமே இல்லாத ஒரு கடவுச்சொல். அதைத் தாளில் எழுதவில்லை, மனப்பாடம் செய்தேன்.

"என்கிட்ட கூடச் சொல்ல மாட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒன்கிட்ட சொன்னா லயத்துக்கே சொன்ன மாதிரிம்மா."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பது ஒன்றானது. என் குரல் தெளிந்தது. லயம்தான் கெட்டுப்போனது. உப்பு, தேங்காய்ப் பாதி, நெருப்புக்குச்சி எல்லாம் சுவர் தாண்டிப் போய் வருகிற இடத்தில் நான் ஒரு பூட்டைப் போட்டுவிட்டேனாம். யாரும் நேரில் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை, எனக்கும் வாய் இருக்கிறது. ராசம்மாக்கா மட்டும் குழாயடியில் என் காதில் விழட்டும் என்று, "கதவச் சாத்திக்கிட்டுப் பேசுற வேலை என்னா வேலையோ, மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்" என்று பாத்திரத்தோடு பேசினாள். அம்மாவின் கை முறிந்த அன்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவள்தான். அதற்காக ஆயுள் முழுக்க அவள் வீட்டு டிவிக்கு நான் தீனி போட வேண்டுமா? இப்படித்தான் எனக்குள் பேசிக்கொண்டேன். அந்தக் கிழமை முழுக்க எனக்குள் நான் நிறையப் பேசினேன். ஓசி என்றால் ரவுட்டருக்கும் பொங்கல் வைப்பார்கள் இவர்கள் என்றெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று மணிக்குச் சோதனை. இரண்டே காலுக்கு, எதற்கும் ஒரு தரம் பட்டியலைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். முந்தின நாள் கம்பனி ஏதோ ஒரு பூட்டை ஏற்றியிருந்தது, கொம்பியூட்டரில் அவர்களுடைய பக்கத்தைத் தவிர வேறு எதுவும் திறக்கவில்லை. போனை எடுத்தேன். இருபது எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்து, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

இரண்டு கருவிகள்.

முதலாவது என் கொம்பியூட்டர். இரண்டாவதற்குப் பெயர் இல்லை, ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. பெயரை மறைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது கள்ளக் கழுதை! ரெண்டாவதா ஒண்ணு இருந்தாலும் சொரி. எனக்கு விடுதிக் கட்டில் கண்ணில் தெரிந்தது. கடவுச்சொல்லைத் திரும்ப மாற்றியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. அந்த நேரத்தில் புத்தி அங்கே போகவில்லை. யார் என்று தெரிந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான் இருந்தது மனதில்.

போனும் கையுமாக வாசலுக்கு வந்தேன். ஞாயிறு என்பதால் லயமே வெளியில் இருந்தது. கந்தப்பன் அண்ணன் கண்ணாடியைக் கம்பியில் சொருகி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். மச்சானும் வந்திருந்தார், பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டு அதைக் கொன்றுகொண்டிருந்தார். ராசம்மாக்கா வீட்டு டிவி சத்தமாக ஓடியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"ராசம்மாக்கா! ஒங்க டிவி எதுல ஓடுது?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "டிஷ்ல ஓடுது. ஏன் புள்ள?"

"பொய் சொல்லாதீங்க. என் வைஃபைல யாரோ ஏறியிருக்காங்க. இந்தா பாருங்க, ரெண்டுன்னு காட்டுது."

"நம்பர் தெரிஞ்சப்ப பாத்தோம், இல்லேன்னு சொல்லல. நீ மாத்திட்ட, நாங்க விட்டுட்டோம். அதுக்கப்புறம் ஒன் வாசப்பக்கம் எட்டிப் பாத்தேனா?"

"களவெடுக்குறவங்க எட்டிப் பாத்து, சொல்லிட்டா எடுப்பாங்க?"

சவரக் கத்தி நின்றது. டிவியை யாரோ அணைத்தார்கள். அம்மா உள்ளேயிருந்து, "அடி பாவி, வாய மூடுடி" என்று ஓடி வந்தாள். ராசம்மாக்கா என் படிக்கு நேரே வந்து நின்றாள். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"களவா? முப்பது வருசமா ஒங்கம்மாவும் நானும் ஒரே நெரையில கொழுந்தெடுக்குறோம். அவ கொழுந்து ஒரு ரெண்டு எலை என் கூடையில விழுந்தா கூடத் திருப்பிப் போட்டிருக்கேன். இருடி. சூடத்தக் கொண்டாறேன்."

இது எங்கள் பக்கத்து நீதிமன்றம். கோழி காணாமல் போனாலும் தோடு காணாமல் போனாலும் பொலிசுக்குப் போக மாட்டார்கள். சூடத்தைக் கொளுத்தி, மாரியம்மன் மேல் ஆணையிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. வைஃபைக்குச் சூடம் அணைக்கிற சனத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. செய்யட்டும், கை சுட்டால் உண்மை வரும் என்று நின்றேன்.

அவள் சில்வர் தட்டில் சூடத்தை வைத்து நெருப்புக்குச்சியை எடுத்தாள். நான் நேரம் பார்க்கப் போனைத் திருப்பினேன். போன் சாய்ந்ததில் பக்கம் அகலமாக விரிந்தது. நேராகப் பிடித்திருந்தபோது வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த கடைசிக் கட்டம் இப்போது தெரிந்தது. இரண்டாவது வரிக்கு நேரே சின்ன எழுத்தில் இருந்தது: இந்தக் கருவி.

இந்தக் கருவி. என் கையில் இருந்த போன். அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்காக இருபது எழுத்தையும் அடித்து நானே ஏற்றிய போன்.

அப்போது சூடம் எரியத் தொடங்கியிருந்தது, அவள் கை இன்னும் அதன் மேல் படவில்லை. 'அக்கா நில்லுங்க' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நேரம் இருந்தது. லயமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, முக்கியமாக மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக அவரை முட்டாள் என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. நான் திறக்கவில்லை.

"ஆத்தா மேல சத்தியமா நானும் எடுக்கல, என் வீட்டு ஆளுங்களும் எடுக்கல," என்று சொல்லி ராசம்மாக்கா நெருப்பின் மேல் கையை வைத்து அழுத்தினாள். எடுத்தபோது உள்ளங்கை நடுவில் சிவந்து கறுத்திருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, "சரி விடுங்க, இப்ப போயிருச்சு" என்றேன்.

"எங்கடி விடுறது?" என்றாள் அவள். "களவுன்னு சொல்லிட்ட. என் வீடு சுத்தம். அப்ப பாக்கிப் பேரு? அடுத்த காம்பரா வாங்க."

வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கந்தப்பன் அண்ணன் பாதிச் சவரத்தோடு வந்து அணைத்தார். காம்பராவுக்கு ஓர் ஆளாக, அணைக்க அணைக்கப் புதுச் சூடம் வைத்து, சத்தம் போடாமல் வந்து போனார்கள். கோயில் வரிசையில் கூட இவர்கள் இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. முதல் ஆளிடம் சொல்லியிருக்கலாம். நாலாம் ஆளிடம் எப்படிச் சொல்வது? ஏழாம் ஆளிடம்? மச்சான் வந்தார். அவர் இந்த லயத்து ஆளே இல்லை. "நான்தானே மொதல்ல போட்டுக் குடுத்தவன், என் மேலயும் சந்தேகம் இருக்கும்ல," என்று சொல்லி அணைத்துவிட்டு, ஆ என்று கையை உதறினார். அந்த மனிதனைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அம்மா வந்தாள்.

"நீ எதுக்கும்மா? ஒனக்குப் பாஸ்வேர்டே தெரியாதே!"

"நானும் இந்த லயத்து ஆளுதானே," என்றாள். இடது கை கட்டுப் போட்டபடி தொங்கியது. இருந்த ஒரே கையை நெருப்பில் வைத்தாள். அப்போதும் நான் சும்மாதான் நின்றேன். நின்றேன் என்று எழுதவே கை கூசுகிறது.

ராசம்மாக்கா தட்டைத் துடைத்தாள். புதிதாக ஒரு சூடத்தை வைத்தாள். தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"எல்லாரும் முடிஞ்சுச்சு. நீ ஒருத்திதான் பாக்கி, பாப்பா."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. முறை என்பதற்காகத்தான் சொன்னாள். அந்த நேரம் போன் அடித்தது. சுலக்ஷனா மிஸ்.

"ஒஃபீஸ்ல கூப்பிடுறாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

சோதனை ஆறு நிமிடம் எடுத்தது. "ஒரு டிவைஸ்தான் காட்டுது, வெரி குட்," என்றார் சுலக்ஷனா மிஸ். "உங்க பாஸ்வேர்ட் எத்தன பேருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் மிஸ்."

"வீட்டு ஆட்களுக்கு?"

"யாருக்கும் தெரியாது."

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்குக் கரச்சலே இல்ல," என்றார். நான் தேறிவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை. கடிதமும் அன்றே வந்துவிட்டது.

கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. பன்னிரண்டு காம்பராவும் உள்ளே போயிருந்தது. தட்டு மட்டும் என் படிக்கு நேரே இருந்தது, கொளுத்தாத சூடமும் பக்கத்தில் நெருப்புப் பெட்டியும். அம்மா அடுப்படியில் ஒற்றைக் கையால் தேங்காய் துருவப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் எண்ணெய் தடவியிருந்தாள்.

"வேலை கெடச்சிருச்சாடி?"

"கெடச்சிருச்சும்மா."

"அப்ப வெளிய போய் அந்தச் சூடத்த அணைச்சிட்டு வா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

அவள் துருவுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேங்காயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இரண்டாவது கருவி யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, லயமும் பேசவில்லை.

இதோடு நாலு நாள். தட்டை யாரும் எடுக்கவில்லை. குழாயடிக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அம்மாவும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். திறந்து வைத்த சூடம் காற்றில் கரையும். பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் வெறும் தட்டுத்தான் இருக்கும். அதன் பிறகு அதை எடுத்துக் கழுவி ராசம்மாக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று, நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.